பழைய இரும்பு லைனில் பிளாஸ்டிக் பைப்பை எங்கே, எப்படிச் சேர்ப்பது

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். 1986-ல் அப்பா கட்டிய வீடு, இப்போது அம்மா மட்டும் இருக்கிறார். மாடியில் தொட்டி, அங்கிருந்து சுவருக்குள் அரை இஞ்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) இறங்குகிறது. பாத்ரூமில் எல்போவுக்கு (பைப் திரும்புகிற வளைவுத் துண்டு) பக்கத்தில் பூச்சு உப்பி ஈரம் கசிந்தது, உடைத்துப் பார்த்தால் பைப் அரித்திருந்தது. வந்த பிளம்பர் அரித்த இடத்திலிருந்து ரெண்டு இஞ்ச் தள்ளி அறுத்து, அங்கேயே மரை வெட்டி, பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ. (உள்மரை உள்ள இணைப்புத் துண்டு) ஒன்றை அதன்மேல் முடுக்கி, குழாய் வரைக்கும் அரை இஞ்ச் சிபிவிசி (வெந்நீரும் தாங்குகிற பிளாஸ்டிக் பைப்) இழுத்துக் கொடுத்தார். பத்தே நாளில் இணைப்பு சொட்ட ஆரம்பித்தது. திரும்ப வந்து டேப் இன்னும் நிறையச் சுற்றி இறுக்கினார், கசிவு கூடிவிட்டது. தண்ணீரும் முன்பைவிட மெலிசாக வருகிறது. "இரும்பும் பிளாஸ்டிக்கும் சேராது என்கிறார்களே, உண்மையா? வீடு முழுக்க உடைத்து மாற்ற வேண்டுமா?" இதுதான் கேள்வி.

சேரும். நன்றாகவே சேரும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கத்துப் பழைய வீடுகளில் இருபது வருடங்களுக்கு மேலாக நான் செய்துவரும் வேலையில் பாதி இதுதான். ஆனால் எந்த ஃபிட்டிங் வாங்குவது என்பதைவிட, இரும்பை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் முக்கியம். உங்கள் வீட்டில் கசிவது பிளாஸ்டிக்கின் குற்றம் மட்டும் இல்லை. வலு இல்லாத இரும்பின்மேல் இணைப்பைப் போட்டதுதான் முதல் தவறு.

ஏன் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. நீலப் பட்டை போட்ட பி கிளாஸ் பைப்பாக இருந்தால் சுவர் கனம் 2.65 மி.மீ., மஞ்சள் பட்டை ஏ கிளாஸ் என்றால் சுமார் 2 மி.மீ.தான். அரை இஞ்ச் மரையின் ஆழம் ஏறத்தாழ 1.16 மி.மீ. ஆக, புதுப் பைப்பிலேயே மரை வெட்டிய இடத்தில் மிஞ்சுவது பி கிளாஸில் ஒன்றரை மி.மீ., ஏ கிளாஸில் ஒரு மி.மீ.கூட இல்லை. அதோடு மேலே பூசியிருந்த துத்தநாகத்தையும் மரை வெட்டுகிற டை சீவிக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் ஜி.ஐ. லைன் எந்த வீட்டில் போனாலும் எல்போ, டீ (மூன்று வழி இணைப்பு) பக்கத்து மரையில்தான் முதலில் போகிறது. உங்கள் வீட்டிலும் அங்கேதான் போயிருக்கிறது. சுமார் நாற்பது வருடம் உள்ளுக்குள் துரு தின்ற பைப்பில் போய்ப் புதிதாக மரை வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? மரையின் பள்ளம் உள்துருவைத் தொட்டிருக்கும். அங்கே எவ்வளவு டேப் சுற்றினாலும் தண்ணீர் டேப்பைத் தாண்டி வராது, இரும்பின் வழியாகவே வரும்.

நம் பக்கத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கடல் காற்று பைப்பை வெளியிலிருந்து தின்கிறது, உப்பு ஏறிய போர் தண்ணீர் உள்ளிருந்து தின்கிறது. போர் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் ஒரே தொட்டிக்குப் போகிற வீடுகளில் ஜி.ஐ. பைப்பை அறுத்துப் பார்த்தால், பதினாறு மி.மீ. துளை இருக்க வேண்டிய இடத்தில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். மற்றதெல்லாம் செதில் செதிலாகத் துரு.

அதனால் அறுத்த இடத்திலேயே இணைக்கப் பார்க்காதீர்கள். சுவரை இன்னும் கொஞ்சம் திறந்து, அடுத்து வருகிற ஃபிட்டிங் வரைக்கும் பின்னால் போங்கள். சாக்கெட்டோ டீயோ எல்போவோ, எதுவாக இருந்தாலும் சரி. வார்ப்பு ஃபிட்டிங்கின் உடம்பு பைப்பைவிடக் கனம். பைப் அரித்துப்போன பிறகும் அதன் உள்மரை பெரும்பாலும் உயிரோடு இருக்கும். அதிலிருந்து அந்தப் பைப் துண்டைக் கழற்றிவிட்டு, அந்த உள்மரையிலிருந்து பிளாஸ்டிக்கைத் தொடங்க வேண்டும்.

கழற்றுவதில் பொறுமை வேண்டும். ரெண்டு பைப் ரேஞ்ச் இல்லாமல் கை வைக்கவே கூடாது. ஒன்று ஃபிட்டிங்கை அசையாமல் பிடிக்க, இன்னொன்று பைப்பைத் திருக. ஒரே ரேஞ்ச் போட்டு இழுத்தால் சுவருக்குள் நமக்குத் தெரியாத இன்னொரு மரை சுழன்று, நாளைக்கு அங்கே கசியும். இறுகிப்போயிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். ஃபிட்டிங்கைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொடுங்கள். ஓங்கி அடித்தால் வார்ப்பு விரிந்துவிடும். அப்படியும் வரவில்லையா? பைப்பை ஃபிட்டிங்கிலிருந்து ஒரு இஞ்ச் விட்டு அறுத்து, ஹேக்சா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மிச்சத் துண்டின் உட்புறத்தில் ஒரு வெட்டு போடுங்கள். மரையைத் தொடும் முன்னால் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் உளியால் உள்பக்கமாகத் தட்டினால் துண்டு சுருங்கிக் கழன்று வரும். நேரம் பிடிக்கிற வேலை. இதைச் செய்யச் சோம்பல்பட்டுத்தான் பலரும் அறுத்த இடத்திலேயே டை போட்டுவிடுகிறார்கள்.

திறந்த உள்மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மரையின் முனைகள் கூராக, உடையாமல் ஓடினால் அங்கேயே நிற்கலாம். பொடிந்து உதிர்ந்தால் இன்னொரு ஃபிட்டிங் பின்னால் போக வேண்டியதுதான். எண்ணெயைத் துடைக்கச் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிபிவிசிக்குப் பல வகை எண்ணெய்கள் ஆகாது. தொட்டவுடன் ஒன்றும் தெரியாது, நாள் போகப்போக மெல்லிய விரிசல் விழும்.

அடுத்தது எது எதற்குள் போக வேண்டும் என்பது. பைப் மரை நேராக இருப்பதில்லை, கூம்பாக இருக்கும். பதினாறு மி.மீ. நீளத்துக்கு ஒரு மி.மீ. என்ற கணக்கில் விட்டம் கூடிக்கொண்டே போகும். அதனால் வெளிமரை உள்மரைக்குள் போகப்போக ஆப்பு இறங்குவதுபோல இறங்குகிறது. வெளியே இருப்பது இரும்பு, உள்ளே போவது பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், இரும்பு தாங்கிக்கொள்ளும். அதையே திருப்பிப்போட்டு, பிளாஸ்டிக் உள்மரைக்குள் இரும்பு வெளிமரையை முடுக்கினால் ஆப்பு பிளாஸ்டிக்கை வெளிப்பக்கமாகப் பிளக்கிறது. அன்றைக்கு நன்றாக இருக்கும். தண்ணீர் அழுத்தம், வெயில், அதிர்வு எல்லாம் சேர்ந்து நாலு நாளோ நாப்பது நாளோ கழித்து, ஃபிட்டிங்கின் நீளவாக்கில் ஒரு கோடு விழும்.

தொழிலுக்கு வந்த புதிதில் காசிமேட்டில் ஒரு வீட்டில் இதே தவறை நான் செய்திருக்கிறேன். சமையல்கட்டு லைன். இரும்பு நிப்பிளின்மேல் (ரெண்டு முனையிலும் மரை உள்ள சின்னத் துண்டு) வெறும் பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ. போட்டு, கசியக் கூடாதே என்ற பயத்தில் ரேஞ்சால் இன்னும் ஒரு சுற்று இழுத்தேன். மறுநாள் விடிவதற்குள் அந்த வீட்டு ஆயா ஆள் அனுப்பிவிட்டார். "இன்னாபா, நேத்துதான போட்ட, ராத்திரி ஃபுல்லா ஊத்திருச்சே" என்று வாசலில் நின்றார். மாடித் தொட்டி காலி. வாரத்துக்கு ரெண்டு நாள் லாரித் தண்ணீர் வருகிற காலம் அது. குடத்தில் பிடித்து மேலே ஏற்றிய தண்ணீர் அத்தனையும் சாக்கடைக்குப் போயிருந்தது. ஃபிட்டிங்கைக் கழற்றிப் பார்த்தால் மயிரிழை மாதிரி ஒரே ஒரு விரிசல், மரையின் வாயிலிருந்து அடிவரைக்கும். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபோது பட்ட வேதனை இன்னும் எனக்கு மறக்கவில்லை. உங்கள் வீட்டில் ரெண்டாவது முறை டேப் கூட்டி இறுக்கிய பிறகு கசிவு அதிகமானதற்கும் இதுவேதான் காரணமாக இருக்க வேண்டும். கழற்றியதும் அந்த எஃப்.டி.ஏ.வை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கோடு தெரியும்.

சரி, எதைப் போடுவது? இரும்பு ஃபிட்டிங்கின் உள்மரை கிடைத்துவிட்டால் எம்.டி.ஏ., அதாவது வெளிமரை உள்ள அடாப்டர். பச்சைத் தண்ணீர் லைனில், அசையாத இடத்தில், முழுப் பிளாஸ்டிக் எம்.டி.ஏ.வே போதும். துருப்பிடிக்காது, இரும்போடு எந்த ரசாயனச் சண்டையும் போடாது. வெந்நீர் லைன் என்றாலோ, அடிக்கடி கழற்றி மாட்டுகிற இடம் என்றாலோ பித்தளை மரை வைத்த எம்.டி.ஏ. வாங்குங்கள். இரும்பு வெளிமரை மட்டும்தான் இருக்கிறது, அதுவும் நல்ல நிலையில் இருக்கிறது என்றால் பித்தளை உள்மரை வைத்த எஃப்.டி.ஏ. வெறும் பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ.வை இரும்பின்மேல் போடவே போடாதீர்கள், கடைக்காரர் எத்தனை விலை குறைத்துக் கொடுத்தாலும். பித்தளை எஃப்.டி.ஏ.விலும் கவனம் வேண்டும். பித்தளையின் அறுகோண விளிம்பில் ஸ்பேனர் போட்டுத்தான் முடுக்க வேண்டும். பிளாஸ்டிக் உடம்பை ரேஞ்சால் பிடித்துத் திருகினால் பித்தளை வளையம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே சுழன்றுவிடும். அப்புறம் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பித்தளையும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புப் பக்கம் கொஞ்சம் வேகமாக அரிக்கும் என்பது உண்மை. உப்புத் தண்ணீரில் இன்னும் வேகமாக. அதற்குப் பயந்து பித்தளையை ஒதுக்க வேண்டியதில்லை. நல்ல கனமான இரும்பு ஃபிட்டிங்காக இருந்தால் பல வருடம் ஓடும். அந்த இடம் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் போதும்.

சணல் நூலும் வெள்ளை பேஸ்டும் வைத்துத்தான் மரை போட வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இரும்புக்கு இரும்பு அது நன்றாகவே நிற்கும், அந்தக் காலத்து லைனெல்லாம் அப்படிப் போட்டதுதான். ஆனால் சணல் தண்ணீர் குடித்து ஊதும், ஊதினால் பிளாஸ்டிக்கைப் பிளக்கும். எண்ணெய் கலந்த பேஸ்ட் சிபிவிசிக்கு எதிரி. வெள்ளை ஈயம் கலந்த பேஸ்ட் என்றால் குடிக்கிற தண்ணீர் லைனுக்கு அதை எந்த உலோகத்திலும் போடக் கூடாது, ஈயம் விஷம். பிளாஸ்டிக் சேருகிற இடத்தில் வெள்ளை டெஃப்லான் டேப் மட்டும்தான்.

டேப் சுற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. மரையின் வாய் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி ஃபிட்டிங்கைப் பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்க முடுக்க டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். முதல் மரைப் பல்லை வெறுமனே விட்டு ரெண்டாவதிலிருந்து தொடங்குங்கள், இல்லாவிட்டால் பிசிறு தண்ணீரோடு போய்க் குழாய் நுனிச் சல்லடையில் அடைக்கும். இழுத்துப் பிடித்துச் சுற்றினால் மரையின் பற்கள் டேப்பின் ஊடாகத் தெரியும், அதுதான் சரியான இறுக்கம். அரை இஞ்சுக்கு நாலைந்து சுற்று போதும். பதினைந்து சுற்று சுற்றினால் ஆப்பைப் பெரிதாக்குகிறீர்கள், அவ்வளவுதான். கையால் போகிற வரைக்கும் முடுக்கி, அதற்கு மேல் ரேஞ்சால் ஒன்று முதல் ரெண்டு சுற்று. எல்போ மாதிரித் திசை பார்த்து நிற்க வேண்டிய ஃபிட்டிங் கொஞ்சம் தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பிச் சரிசெய்யாதீர்கள். டேப் பிடி விட்டுவிடும். முழுக்கக் கழற்றி, டேப்பைச் சுரண்டி எடுத்து, புதிதாகச் சுற்றுங்கள்.

மரை வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் பைப் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவைத் திறக்க வேண்டும். முதலில் அடாப்டரை இரும்பில் முடுக்கி நிறுத்திவிட்டு, அப்புறம் பைப்பை அதில் ஒட்டுங்கள். பைப்பை ஒட்டிவிட்டு, அந்த நீளத்தையும் சேர்த்துச் சுற்றி முடுக்கினால் ஒட்டிய இடம் முறுக்கு வாங்கும். ரெண்டு பக்கமும் சுவருக்குள் போய்விட்ட இரும்பின் நடுவில் ஒரு துண்டு மாற்றும்போது, முழு இரும்பு லைனாக இருந்தால் யூனியன் (பைப்பைச் சுற்றாமலே நடுவில் கழற்றி மாட்டுகிற இணைப்பு) போட்டே தீர வேண்டும். ஒரு பக்கம் முடுக்கினால் மறுபக்கம் கழலும். பிளாஸ்டிக்கில் அந்தத் தொல்லை இல்லை. ரெண்டு முனையிலும் அடாப்டரை முடுக்கிக்கொண்டு, கடைசி இணைப்பைச் சொல்யூஷனில் முடித்துவிடலாம்.

ஒட்டுவது வெறும் பசை வேலை இல்லை. சொல்யூஷன் ரெண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் சிபிவிசிக்குச் சிபிவிசி சொல்யூஷன்தான், வீட்டில் மிச்சம் இருக்கிற பிவிசி சொல்யூஷன் உதவாது. பைப்பை நேராக அறுத்து, உள்ளும் புறமும் பிசிறு எடுத்து, துடைத்து, ஒட்டாமல் ஒருமுறை செருகிப் பார்த்து பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பைப்பில் நன்றாகவும் ஃபிட்டிங்குக்குள் மெலிசாகவும் தடவி, கால் சுற்று திருப்பியபடியே அடிவரைக்கும் அழுத்தி, அரை நிமிடம் விடாமல் பிடியுங்கள். விட்டால் வெளியே தள்ளும். டப்பாவுக்குள் கூழாகக் கெட்டியாகிவிட்ட சொல்யூஷனைத் தூக்கிப் போடுங்கள், தின்னர் ஊற்றி நீர்க்கச் செய்து தடவுவது ஏமாற்று வேலை. நம் வெயிலில் மூடி திறந்து வைத்தால் அரை மணியில் கெட்டியாகும். தண்ணீர் திறக்க எத்தனை மணி நேரம் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். முடிந்தால் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

இப்போது தண்ணீர் மெலிசாக வருகிறதே, அதற்கு வருவோம். அரை இஞ்ச் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் பைப் ஒன்றில்லை. அரை இஞ்ச் ஜி.ஐ.யின் வெளிவிட்டம் 21.3 மி.மீ., அரை இஞ்ச் சிபிவிசியின் வெளிவிட்டம் 15.9 மி.மீ.தான். உள்துளை ஜி.ஐ.யில் சுமார் 16, சிபிவிசியில் கனமான ரகமாக இருந்தால் 12.5-க்கும் குறைவு. பரப்பளவில் கணக்குப் பார்த்தால் வழி நாற்பது சதவீதம் குறைந்துவிட்டது. மோட்டார் அழுத்தம் இருக்கிற அபார்ட்மெண்டில் இது தெரியாது. உங்கள் வீட்டில் தொட்டி ஒரு மாடி உயரத்தில்தான் இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு, உங்களுக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது. அங்கே வழியைச் சுருக்கினால் உடனே தெரியும். அரை இஞ்ச் ஜி.ஐ. இருந்த இடத்தில் முக்கால் இஞ்ச் சிபிவிசி போடுங்கள். அதன் துளை 18 மி.மீ. இருக்கும். முக்காலுக்கு அரை ரெடியூசிங் எம்.டி.ஏ. என்று கேட்டால் கொடுப்பார்கள். மரைப் பக்கம் அரை இஞ்ச், ஒட்டுகிற பக்கம் முக்கால். மரை அளவு எல்லாவற்றிலும் ஒரே தரம் என்பதால் இரும்போடு தயங்காமல் சேரும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று பைப்புக்குள் பைப்பைச் செருகவோ, சூடுபண்ணி விரித்து ஏற்றவோ யாராவது முயன்றால் தடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இரும்பும் சிபிவிசியும் சூட்டில் ஒரே மாதிரி நீள்வதில்லை. மூன்று மீட்டர் சிபிவிசியில் முப்பது டிகிரி சூடு ஏறினால் ஆறு மி.மீ. நீளும். அதே நீள இரும்பு ஒரு மி.மீ.தான் நீளும். வெந்நீர் லைனில் பிளாஸ்டிக்கை ரெண்டு இரும்பு முனைக்கு நடுவில் விறைப்பாக நிறுத்தினால் அந்த ஆறு மி.மீ. இணைப்பைத்தான் தள்ளும். ஒரு எல்போ போட்டு வளைத்து ஓட்டினால் அந்த நீட்சிக்கு இடம் கிடைக்கும். சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும் என்றாலும் கீசர் வாயில் நேராக மாட்டாதீர்கள். முதல் ஒரு அடிக்கு உலோக நிப்பிளோ, பின்னல் கம்பி போட்ட வெந்நீர் ஹோஸோ போட்டு, அதற்குப் பிறகு தொடங்குங்கள். வெள்ளை யுபிவிசி பைப் வெந்நீருக்கு ஆகவே ஆகாது. இரும்பின் பாரத்தையும் பிளாஸ்டிக்கின்மேல் தொங்கவிடக் கூடாது. அரை இஞ்ச் ஜி.ஐ. மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கிறது. இணைப்புக்கு முன்னால் இரும்பில் ஒரு கிளாம்ப் அடித்துச் சுவரோடு பிடித்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு மூன்று அடிக்கு ஒரு கிளாம்ப் போடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பழைய வீடுகளில் தண்ணீர் பைப்பிலேயே எர்த் ஒயரைக் கட்டியிருப்பார்கள். மண்ணுக்குள் போகிற இரும்புதானே என்று அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்கள். நடுவில் ஒரு அடி பிளாஸ்டிக் போட்டால் அந்த எர்த் அங்கேயே அறுந்துபோகும். அதற்கு மேலே இருக்கிற இரும்புத் துண்டும் குழாயும் மண்ணோடு தொடர்பு இல்லாமல் நிற்கும். கிரைண்டரிலோ மோட்டாரிலோ கசிவு மின்சாரம் வந்தால் நேராக உங்கள் அம்மா திறக்கிற குழாய்க்கு வரும். ஈரக் கையோடு. அதனால் பைப்பில் ஹேக்சா வைக்கும் முன்னால் மெயின் சுவிட்சை அணையுங்கள். எங்கேயாவது பைப்பில் ஒயர் கட்டியிருக்கிறதா என்று சமையல்கட்டு, பாத்ரூம், மீட்டர் பெட்டிக்குக் கீழே எல்லாம் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே பிளாஸ்டிக் போட்டாயிற்று, அதனால் உங்கள் வீட்டில் இதை இன்றைக்கே பார்க்க வேண்டும். ஒயர் இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி எர்த் குழி போட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக அணைகிற சுவிட்ச்) ஒன்றும் மாட்டச் சொல்லுங்கள். பைப் வேலை அதற்குப் பிறகு நடந்தால் போதும்.

உங்கள் தெருவிலும் வாசலில் மெட்ரோ லைன் அடி பம்பு இருக்கும். அங்கே இரும்பையும் பிளாஸ்டிக்கையும் சேர்க்கிற வேலை வேறு மாதிரி. மாடித் தொட்டி லைனில் இணைப்பு சரியில்லை என்றால் தண்ணீர் வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். அடி பம்பு உறிஞ்சுகிற லைன், அங்கே இணைப்பு சரியில்லை என்றால் ஒரு சொட்டும் வெளியே வராது, வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். பக்கத்தில் சாக்கடை ஓடினால் அதைத்தான் இழுக்கும். முதல் ரெண்டு குடத்தில் நாற்றம், அடிக்கும்போது புஸ் புஸ்ஸென்று காற்று என்றால் தெரு மெயின் லைனைத் திட்டும் முன் உங்கள் வீட்டு இணைப்பைப் பாருங்கள். மண்ணைத் தோண்டி, இணைப்பின்மேல் சோப்பு நுரை தடவி, ஒருவர் பம்பு அடிக்கட்டும். நுரை உள்ளே இழுபட்டால் அதுதான் ஓட்டை. அதோடு ஒவ்வொரு அடிக்கும் பம்பு ஆடும், அந்த ஆட்டம் பிளாஸ்டிக் மரையின் கழுத்தில் போய் விழும். பம்பின் அடியைக் காங்கிரீட்டில் அசையாமல் நிறுத்தி, தரைக்குக் கீழே ரெண்டு அடிக்காவது இரும்பையே கொண்டுபோய், அங்கே கிளாம்ப் போட்ட பிறகுதான் பிளாஸ்டிக். தெருவிலிருந்து வீட்டுக்கு வருகிற இணைப்பில் நாமாகக் கை வைக்கக் கூடாது, மெட்ரோ வாட்டரில் எழுதிக் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். மெயின் லைனில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் தடைசெய்யப்பட்டது. நம் வீட்டு மோட்டார் இழுக்கிற இழுப்பில் தெருவில் இருக்கிற எல்லா ஓட்டையும் சாக்கடையை உறிஞ்சும், குடிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தையும்தான்.

முழுக்க மாற்ற வேண்டுமா என்றால், உடனே வேண்டாம். இப்போது நல்ல ஃபிட்டிங் வரைக்கும் பின்னால் போய் இணைத்துவிடுங்கள். ஆனால் காலையில் முதல் தண்ணீர் செம்பழுப்பாக வந்தாலோ, இன்னொரு எல்போவிலும் ஈரம் தெரிந்தாலோ, அந்த லைனின் ஆயுள் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது துண்டு துண்டாகத் தைப்பது காசுக்குக் கேடு. அப்படி மாற்றும்போதும் பழைய பைப்பைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. அதைச் சுவருக்குள்ளேயே விட்டு, ரெண்டு முனையையும் டம்மி (மரை மூடி) போட்டு அடைத்துவிட்டு, புது சிபிவிசியைச் சுவருக்கு வெளியே கிளாம்பில் ஓட்டுங்கள். அழகு கொஞ்சம் குறையும். பழைய சுவரில் திரும்பவும் காடி வெட்டி அதன் பலத்தைக் குறைப்பதைவிட இது எவ்வளவோ மேல். மொட்டை மாடியில் வெயில் படுகிற இடத்தில் மட்டும் தண்ணீரில் கலக்குகிற பெயிண்ட் அடித்துவிடுங்கள், ஆயில் பெயிண்ட் வேண்டாம்.

சாமான் வாங்க மண்ணடிப் பக்கம் போனால் பழைய ஃபிட்டிங்கைக் கையோடு எடுத்துப்போங்கள். வாயால் சொல்வதைவிட அது பாதுகாப்பு. உங்கள் வேலைக்கு வேண்டியது முக்காலுக்கு அரை ரெடியூசிங் எம்.டி.ஏ. ஒன்று, குழாய் மாட்டுகிற இடத்துக்குப் பித்தளை மரை வைத்த முக்காலுக்கு அரை எல்போ ஒன்று, முக்கால் இஞ்ச் சிபிவிசி ஒரு நீளம், ஒரே கம்பெனி ஃபிட்டிங்குகள், சின்ன டப்பா சிபிவிசி சொல்யூஷன், டேப் ரெண்டு. லைனின் தொடக்கத்தில் தண்ணீரைத் திறந்து மூட ஒரு பால் வால்வும் போட்டுவிட்டால், அடுத்த முறை ஏதாவது ஆனாலும் மாடித் தொட்டியைக் காலி பண்ண வேண்டியிருக்காது.

வேலை முடிந்ததும் குழாயை மாட்டும் முன் ரெண்டு பக்கெட் தண்ணீர் திறந்துவிட்டு, உள்ளே உதிர்ந்த துருவை வெளியேற்றுங்கள். அப்புறம் குழாயை மாட்டி, இணைப்பைச் சுற்றிக் காய்ந்த செய்தித்தாளைக் கட்டி ராத்திரி விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவுகூடக் காலையில் தாளில் கறையாகத் தெரியும். ஒரு வாரம் தினமும் தாளை மாற்றிப் பாருங்கள், அதுவரைக்கும் சுவரைப் பூச விடாதீர்கள். பூசும்போதும் இரும்பும் பிளாஸ்டிக்கும் சேருகிற அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் மூடாமல், திறந்து பார்க்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் பலகையை ரெண்டு ஸ்க்ரூவில் பொருத்தச் சொல்லுங்கள்.